குழிக்குள் ஒரு கார்

கார் செத்தால் காயலான் கடைக்குப் போகும். இதுதான் ஊர் வழக்கம். வேல்ஸ் நாட்டில் பென்டைன் என்கிற கடற்கரைக் கிராமத்தில் மட்டும், 1927-ல் ஒரு காருக்கு மணலில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள்.

காரின் பெயர் பாப்ஸ். ஏதோ நாய்க்குட்டிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று கிட்டே போய்த் தடவிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருந்தது ஆகாய விமானத்துக்காகச் செய்த லிபர்ட்டி இன்ஜின், 27 லிட்டர். நம் மாருதி 800-ன் இன்ஜின் முப்பத்து நான்கை ஒரே பானெட்டுக்குள் திணித்தால் எப்படி, அப்படி! சக்கரத்துக்குச் சக்தி போவது, சைக்கிள் மாதிரி, சங்கிலி வழியாக. இந்தச் சங்கிலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதைக் கட்டியவர் கவுண்ட் ஸ்போரோவ்ஸ்கி என்கிற பணக்கார ரேஸ் பைத்தியம். 1924-ல் அவர் மோன்ஸா ரேஸில் இறந்துபோக, பாரி தாமஸ் என்கிற இன்ஜினீயர் 125 பவுண்டுக்கு வாங்கினார். கையில் கரி படிய அவரே திருத்தி, 1926 ஏப்ரலில் பென்டைன் மணலில் மணிக்கு 171 மைல் ஓட்டினார். உலக ரெக்கார்டு!

ஒரு வருஷம்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை மனுஷர். 1927 பிப்ரவரியில் மால்கம் காம்ப்பெல் அதே மணலில் கிட்டத்தட்ட 175 மைல் போய்விட்டார். மார்ச் 3-ம் தேதி தாமஸ் மறுபடி பாப்ஸில் ஏறினார். கார் நிலை தடுமாறிப் புரண்டது. தாமஸ் அங்கேயே காலி. அவரைக் கொன்ற காரை யாரும் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று மணல்மேட்டில் புதைத்துவிட்டார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மாசமே 29-ம் தேதி அமெரிக்காவில் டேடோனா கடற்கரையில் சீக்ரேவ் 203 மைலைத் தாண்டிவிட்டார். தாமஸ் உயிரைக் கொடுத்துத் துரத்திய நம்பரை அதற்குப்பின் யார் சீண்டப் போகிறார்கள்?

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, 1969-ல், ஓவன் வின் ஓவன் என்கிற இன்ஜினீயரிங் வாத்தியார் மண்வெட்டியோடு வந்தார். அதற்குள் அந்த இடம் ராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. அவர்களிடம் அனுமதி, தாமஸின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து அவரிடம் சம்மதம் என்று அலையோ அலை என்று அலைந்த பிறகுதான் தோண்டினார். வெளியே வந்தது காரல்ல, உப்புக்காற்றும் மணலும் தின்றது போக மிச்சம். இதே மாதிரி இன்னொரு கார் உலகத்தில் கிடையாது. கடையில் போய் ஸ்பேர் பார்ட் கேட்க முடியாது. சுமார் பதினைந்து வருஷம் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். (நான் ஒரு மிக்ஸியை ரிப்பேர் செய்யப் பிரித்துப் போட்டு மூன்று மாசமாகிறது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.)

அதெல்லாம் சரி, ஒருத்தர் உயிர் போன வண்டியைத் தோண்டலாமா? தாமஸ் என் சித்தப்பாவாக இருந்து, என்னிடம் வந்து கையெழுத்துக் கேட்டிருந்தால், 'போய்யா' என்று கதவைச் சாத்தியிருப்பேன்.

ஆனால் அந்தச் சங்கிலி விஷயம் இருக்கிறது. ஓடும்போது சங்கிலி அறுந்து தாமஸின் கழுத்தில் அடித்தது என்றுதான் ரொம்ப வருஷம் எல்லோரும் நம்பினார்கள். அவரே திருத்திய வண்டி. அப்படியானால் பழி யார் மேல்? பின்னால் ஆராய்ந்தவர்கள், வலது பக்கப் பின்சக்கரம்தான் முதலில் போயிருக்க வேண்டும், சங்கிலி அப்புறம்தான் என்கிறார்கள். கேஸ் இன்னும் முடியவில்லை. முக்கிய சாட்சி குழிக்குள்ளேயே கிடந்திருந்தால் குறுக்கு விசாரணைக்கே வழியில்லை. இப்போது கேட்டால், கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

ஓவன் 2012-ல் காலமானார். பாப்ஸ் இருக்கிறது. பென்டைன் மியூசியத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். விழாக்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓட்டியும் காட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு சிலிண்டரும் சேர்ந்து இருமும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.