புதருக்குள் எறியும் ஆணி

பழைய வீட்டு மனைகளில் உலோகங்காட்டும் கருவியோடு தேடுவோர், மண்ணில் துருவேறி அழியவிருந்த பொருள்களைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் காலனிக் கால வீடுகள் இருந்த இடங்களில் இந்த வாதம் அடிக்கடி எழுகிறது. ஆனால் காப்பாற்றப்படுவது நாணயமும் பித்தானும் பெல்ட் கொக்கியும்தான். இரும்பைக் காட்டாதபடி கருவியை முன்கூட்டியே திருகிவைப்பவர்கள் பலர். அதையும் மீறிக் கிடைத்த ஆணி புதருக்குள் போகிறது.

வீட்டின் வயதைச் சொல்வதே அந்த ஆணிதான். நான்கு பக்கமும் சுத்தியலால் தட்டிக் கூராக்கியிருந்தால் அது கொல்லன் கைவேலை, பெரும்பாலும் 1800க்கு முந்தையது. இரண்டு பக்கம் மட்டும் சரிந்திருந்தால் இயந்திரம் வெட்டியது, 1790களுக்குப் பிந்தையது. உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆணிகள் வரிசையாகக் கிடந்தால் சுவர் நின்ற கோடும் தெரியக்கூடும்.

கருவிமீது பழியில்லை. 1876இல் அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த களத்தில், 1983 காட்டுத்தீக்குப் பின் தொல்லியலாளர்களும் இதே கருவியால்தான் தேடினார்கள். கிடைத்த இடத்தில் கொடி நட்டு, அளந்து குறித்த பிறகே எடுத்தார்கள். தோட்டா உறைகளில் பதிந்த தழும்புகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் நகர்ந்த வழியைக் கண்டார்கள். இடம் குறிக்காமல் சட்டைப்பையில் போட்ட உறை இதைச் சொல்லியிருக்காது.