கடலில் கொட்டிய காசா?

இங்கே விசாகப்பட்டினத்தில் காலை நடைக்கு ஆர்.கே. பீச் போவது வழக்கம். துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கரையில் பீய்ச்சும் நாட்களில், கூட நடக்கும் நம்மூர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "கோடிக்கணக்குல காசு சார். அடுத்த புயல்ல எல்லாம் போயிடும். ஒரேயடியா கல்லைப் போட்டுத் தொலைக்கலாம்ல?"

கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அதான் எழுதிடலாம்னு...

நம் கிழக்குக் கரையில் மணல் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலை அதைத் தெற்கே தள்ளும், மற்ற மாதங்களில் வடக்கே. கூட்டிக் கழித்தால் வடக்குதான் நிகரம். குறுக்கே துறைமுகத்துக்காகக் கற்சுவர் நீட்டினால் தெற்கே குவியும், வடக்கே பட்டினி. 1876ல் சென்னைத் துறைமுக வேலை ஆரம்பித்த பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஏறியது. விசாகையில் 1970களில் வெளித்துறைமுகம் கட்டினார்கள். அதற்கு வடக்கே இருப்பதுதான் நாங்கள் நடக்கும் பீச்.

புதுச்சேரிக் கதை இன்னும் மோசம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் இரண்டு சுவர்கள் எழுப்பினார்கள். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே இறைக்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. சுவர் வந்தது, இறைப்பது ஒழுங்காக நடக்கவில்லை. ஏன் என்று ஒரு வங்கிக்காரனைக் கேளுங்கள். சுவர் மூலதனச் செலவு. அடிக்கல், கல்வெட்டு, போட்டோ எல்லாம் உண்டு. மணல் இறைப்பது வருடா வருடம் வரும் பராமரிப்பு. அதுக்கு எவர் ரிப்பன் வெட்டுவார்?

விளைவு ரெண்டு பக்கமும் நஷ்டம். முகத்துவாரம் தூர்ந்து தேங்காய்த்திட்டுப் படகுகள் தரை தட்டும். அங்கே அடைத்துக்கொண்டிருப்பது வடக்கே காணாமல் போன அதே மணல். ஒரே சரக்கு, ஒரு கிடங்கில் உபரி, அடுத்ததில் பற்றாக்குறை.

இறைப்பதற்குப் பதிலாகக் கல் கொட்டினார்கள். காந்தி சிலைப் பக்கம் ரொம்ப வருஷம் கறுப்புக் கற்கள்தான். கல் சாலையைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் கல் முடிகிற இடத்தில் அரிப்பு ஆரம்பிக்கும். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தது. இந்த ஊர்கள் தமிழ்நாட்டில். சுவர் ஒரு அரசுடையது, வீடு போவது இன்னொரு அரசின் குடிகளுக்கு. விளங்குமா?

பல வருஷம் முன்பு அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் இருந்தேன். மீனவர் ஒருவர் படகு எஞ்சினுக்குக் கடன் கேட்டுப் பட்டாவோடு வந்தார். காகிதமெல்லாம் சுத்தம். இடம் பார்க்கப் போனோம். கடலைக் காட்டி, "அதோ, அந்த ரெண்டாவது அலை உடையுது பாருங்க, அங்கதான் சார்" என்றார். ஈடாக ஏற்க இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இன்னும் உறுத்துகிறது.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2018ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரி தலைமைச் செயலகம் அருகே கடலடியில் ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பை இறக்கியது. தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். கடற்கரைச் சாலையோரம் மணல் திரும்ப வந்தது. (போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.) ஆனால் தடுப்பு மணலைத் தயாரிக்காது, வருகிற மணலைப் பிடித்து வைக்கும், அவ்வளவே.

ஆகவே நடை அன்பர்களே, கொட்டிய மணல் கரையத்தான் செய்யும். சுவர் நிற்கும் வரை கொட்டத்தான் வேண்டும். எரிச்சல்பட வேண்டுமானால் கொட்டாத வருஷத்துக்கு எரிச்சல்படுங்கள். அந்தச் செலவைப் புயல் நிவாரணத்தில் தேடக்கூடாது; துறைமுகக் கணக்கில், தேய்மானம் மாதிரி, வருஷம் பிறந்ததும் ஒதுக்க வேண்டும். எத்தனை கன மீட்டர் வாரினார்கள், அதில் எத்தனை வடக்கே போட்டார்கள் என்று கணக்கையும் அந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்கட்டும்.