மூஸ் மானுக்கு எத்தனை வேட்டைச் சீட்டு?

மான்களைக் காப்பாற்ற மான்களைச் சுட வேண்டும் என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "இது என்ன நியாயம்?" என்றுதான் கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தில் நடப்பதைப் படித்த பிறகு என் எண்ணம் மாறியது. அது ஏன் மாறியது என்பதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. வளர்ந்த ஆண் மூஸ் 450 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். நம் ருசா மானைவிட அது மிகப் பெரியது. மேய்ன் காடுகளில் பல்லாயிரம் மூஸ்கள் வாழ்வதாக அம்மாநில வனவிலங்குத் துறை மதிப்பிட்டுள்ளது.

அங்கு 1930களில் மூஸ் வேட்டை தடை செய்யப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, 1980-இல் மீண்டும் அனுமதித்தார்கள். ஆனால் விருப்பப்பட்டவர்கள் எல்லாம் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட முடியாது. அந்த ஆண்டு 700 சீட்டுகள் மட்டுமே குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. இன்றும் குலுக்கல்தான். பல்லாயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். சீட்டு கிடைத்தவர் எந்த வட்டாரத்தில், எந்த வாரத்தில், ஆணையா பெண்ணையா வேட்டையாடலாம் என்பது அந்தச் சீட்டிலேயே முடிவாகிவிடும். ஒரு சீட்டுக்கு ஒரு மூஸ், அவ்வளவுதான்.

ஆணா, பெண்ணா?

இந்தக் கேள்விதான் கணக்கின் மையம். ஒரு வட்டாரத்தில் 100 பெண் மூஸ்களும் 60 ஆண் மூஸ்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 10 ஆண்களை வேட்டையாடினால் அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. ஓர் ஆண் பல பெண்களோடு இணை சேரும் என்பதால், மீதமுள்ள 50 ஆண்களே போதும். ஆனால் 10 பெண்களை எடுத்துவிட்டால், அந்தப் பத்துத் தாய்களும் ஈன வேண்டிய குட்டிகள் பிறக்கமாட்டா. ஆகவே கூட்டத்தைப் பெருக்க வேண்டுமானால் பெண்களுக்கான சீட்டைக் குறைக்க வேண்டும். கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் அதைக் கூட்ட வேண்டும்.

சரி, கூட்டத்தை ஏன் குறைக்க வேண்டும்? இங்கேதான் உண்ணி வருகிறது.

குளிர்கால உண்ணி என்று ஓர் இனம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அதன் குஞ்சுகள் செடிகளின் மேல் ஏறிக் கொத்துக் கொத்தாகக் காத்திருக்கும். அந்த வழியாகப் போகும் மூஸின் உடலில் ஒட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அதே விலங்கின் இரத்தத்தைக் குடித்து வளரும். வசந்தத்தில் கீழே விழும் ஒவ்வொரு பெண் உண்ணியும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரே மூஸின் உடலில் பல்லாயிரம் உண்ணிகள் இருப்பதுண்டு. பெரிய மூஸ் எப்படியோ தாங்கிக்கொள்ளும். ஒரு வயதுகூட நிரம்பாத குட்டிக்கு இரத்தம் வற்றிப்போகும்.

2022-இல் மேய்னின் ஓர் ஆய்வுப் பகுதியில், கண்காணிப்புப் பட்டை பொருத்தப்பட்ட 70 குட்டிகளில் 60 குட்டிகள் குளிர்காலமும் வசந்தமும் கடப்பதற்குள் இறந்துவிட்டன. அதாவது 86 விழுக்காடு. எந்த வேட்டைக்காரரும் இவ்வளவு குட்டிகளைக் கொன்றதில்லை.

மூஸ்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் உண்ணி எளிதாகப் பெருகுகிறது. கூட்டம் குறைந்தால் உண்ணிக்கு ஏறிக்கொள்ள உடல்கள் குறையும். அடுத்த ஆண்டு உண்ணியும் குறையலாம். இதைச் சோதிக்க, 2021-இல் ஒரு வட்டாரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் பெண் மூஸ்களுக்கான சீட்டுகளை அதிகமாகக் கொடுத்தார்கள். மறுபாதியை ஒப்பிடுவதற்காக வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனையில் ஒரு குவளையை மட்டும் மாற்றாமல் வைப்பீர்களே, அதே முறைதான்.

என்னிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகள்

"இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடலாமே?" இது நல்ல கேள்வி. ஆனால் மேய்னில் இயற்கை அதன் போக்கில் இல்லை. மூஸை வேட்டையாடிய ஓநாய்களை அங்கு மனிதர்கள் எப்போதோ ஒழித்துவிட்டார்கள். 1970களிலும் 80களிலும் புழு தாக்கிய காடுகளைப் பெருமளவில் வெட்டினார்கள். வெட்டிய இடங்களில் இளந்தளிர்கள் முளைத்தன. அதைத் தின்று மூஸ்கள் பெருகின. குளிர்காலமோ பூமி சூடாவதால் தாமதமாக வருகிறது. இவ்வளவையும் செய்துவிட்டு இப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இயற்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்றுதான் நான் சொல்வேன்.

"சீட்டு விற்றால் பணம் வருமே, அதற்காகத்தான் கூட்டுகிறார்களோ?" சந்தேகப்படுவது அறிவியலுக்கு அழகு. பதிவேட்டைப் பாருங்கள். 2013-இல் 4,000-க்கும் மேல் இருந்த சீட்டுகள், குட்டிகள் இறப்பது கண்டறியப்பட்ட பிறகு 2016-இல் 2,140 ஆகக் குறைக்கப்பட்டன. பணம் மட்டுமே குறி என்றால் யாரும் பாதியாக வெட்டமாட்டார்கள். எண்ணிக்கை மேலும் கீழும் போயிருப்பது அதைத் தரவு நடத்துகிறது என்பதற்கு ஓர் அடையாளம். ஹெலிகாப்டரிலிருந்து மூஸ்களை எண்ணுகிறார்கள். வேட்டையாடப்பட்ட மூஸின் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். பெண் மூஸின் சூலகத்தைச் சோதித்து அது எத்தனை குட்டி ஈனும் நிலையில் இருந்தது என்று அறிகிறார்கள். தோலில் உள்ள உண்ணிகளையும் எண்ணுகிறார்கள். வேட்டைக்காரர் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அதே விலங்கிலிருந்து ஆய்வாளருக்கும் தகவல் கிடைக்கிறது.

"உண்ணி பெருகக் காரணம் வெப்பமயமாதல் என்றால், மூஸைக் குறைத்து என்ன பயன்?" மூன்றில் இதுதான் வலுவான கேள்வி. இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பனி சீக்கிரம் விழுந்தால் செடியில் காத்திருக்கும் உண்ணிக் குஞ்சுகள் மடியும். எத்தனை சீட்டு கொடுத்தாலும் பனியை முன்கூட்டியே வரவழைக்க முடியாது. ஆகவே சீட்டைக் கூட்டுவது நோயின் வேரை அறுப்பது ஆகாது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து போன்றது அது. ஆனால் வேரை அறுக்கும் வரை நோயாளியை அப்படியே விட்டுவிட முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதியோடு சிறிய அளவில் முயன்று பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன். உண்ணி குறையவில்லை, குட்டிகள் பிழைக்கவில்லை என்று தெரிந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். அப்படி நிறுத்தத் தயாராக இல்லாதவர்கள் அதை ஆய்வு என்று சொல்லக்கூடாது.

நம் காட்டுக்கு என்ன விடை?

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் இங்கேயும் மான் வேட்டைக்குச் சீட்டு கொடுக்கலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் ருசா மான் வேட்டைக்கு 2009-இல் பெர்ஹிலித்தான் தடை விதித்தது. இங்கே மான்கள் நெருக்கடியில் வாழவில்லை. குறைந்துபோய்விட்டன. நம் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. அவற்றுக்கு ருசா மான் முக்கியமான இரை. மேய்னில் ஓநாய் இல்லாத இடத்தை வேட்டைக்காரர் நிரப்புகிறார். இங்கே வேட்டைக்காரர் கொல்லும் ஒவ்வொரு மானும் புலியின் வாயிலிருந்து பறித்தது.

இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான். எத்தனை இருக்கின்றன? எத்தனை பிறக்கின்றன? எத்தனை இறக்கின்றன, எதனால்? மேய்னில் இந்தக் கேள்விகளுக்கு ஆயிரக்கணக்கான சீட்டுகள் என்று விடை வருகிறது. நம் காட்டில் ஒன்றுகூட வேண்டாம் என்று வருகிறது. வேட்டை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதற்கு முன்பு இந்த மூன்றுக்கும் பதில் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பில் விலங்குப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தால், எண்ணிப் பார்த்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்.