வகுப்பறையில் ஒரு தீட்டு

"தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா, ஐயா?" என்று கேட்டான் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். குற்றம்! கேட்டது தமிழில். ஐந்து ரூபாய் தண்டம். காசில்லை என்றான், கரும்பலகையில் பெயர் ஏறிற்று. நா வறண்டு கேட்டவன் நா எழாமல் நின்றான். நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆங்கில வகுப்பிலே கண்ட காட்சி இது. பெயர் எதற்கு? இத்தகைய பள்ளிகள் ஒன்றா, இரண்டா? அன்று நாமும் வாய்மூடி நின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

குளத்தில் இறங்கினால் தீட்டு, கோயிலில் நுழைந்தால் தீட்டு என்றவர்களைக் கேள்வி கேட்ட நாடு இது. இன்று வகுப்பறைக்குள் தமிழ் நுழைந்தால் தீட்டு என்கிறார்கள். பஞ்சாங்கம் பார்ப்பவர் சொல்லவில்லை. பட்டம் பெற்றவர்கள் சொல்கிறார்கள். ஏன் என்றால், "ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும்; அதுதான் விஞ்ஞான முறை" என்று விடை வருகிறது.

விஞ்ஞானமா? எந்த ஆராய்ச்சி? எவர் செய்தது?

ஆங்கிலம் வேண்டாம் என்போரல்லர் நாம். 1968-ஆம் ஆண்டு இருமொழிக் கொள்கையை ஏற்ற நாட்டிலே பிறந்தவர்கள். ஆங்கிலம் கற்பித்தே சோறு உண்பவர்கள். குடிசை வீட்டுப் பிள்ளைக்கும் அந்த மொழி வந்தாக வேண்டும் என்பதனாலேயே இந்தக் கேள்வி.

இந்தத் தீட்டின் பிறப்பைப் பார்ப்போம். 1878-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் என்பார் ஒரு மொழிப்பள்ளி திறந்தார். மாணவரின் மொழியை வகுப்பில் பேசலாகாது என்பது அவர் பள்ளிகளின் விதி. பொருளைக் காட்டு, சைகை செய், கேள்வி கேள், விடை சொல்! காசு கொடுத்து, தாமே விரும்பிக் கற்க வந்தவர்கள் அங்கே மாணவர்கள். அவர்களின் மொழியை அறிந்திருக்க வேண்டிய தேவையே ஆசிரியருக்கு இல்லை. அந்தக் கடைக்கு அந்த விதி பொருந்திற்று. கடையின் வசதி எப்படிக் கல்வியின் வேதமாயிற்று?

1953-இல் யுனெஸ்கோ அறிக்கை தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்றது. எட்டே ஆண்டுகளில், 1961-இல், இன்னும் விடுதலை பெறாத உகாண்டாவிலே, மக்கரேரே கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிக் காமன்வெல்த் மாநாடு கூடிற்று. அங்கே ஊறியிருந்த ஐந்து நம்பிக்கைகளைப் பின்னாளில் எடுத்துக்காட்டியவர் ராபர்ட் பிலிப்சன்; ஒருகாலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலிலேயே பணிபுரிந்தவர்! ஆங்கிலம் ஆங்கிலத்தாலேயே கற்பிக்கப்பட வேண்டும். ஆங்கிலேயரே தலைசிறந்த ஆசிரியர். சிறுவயதிலேயே தொடங்கினால் நன்று. மிகுதியாகக் கற்பித்தால் மிகுதியாக வரும். பிற மொழி புழங்கினால் ஆங்கிலத்தின் தரம் தாழும். இந்த ஐந்தும் பொய் நம்பிக்கைகளே என்று 1992-இல் வெளியான தம் நூலிலே அவர் வாதிட்டார். அவற்றால் ஆதாயம் எவருக்கு? கற்பிக்க வரும் நிபுணருக்கும் பாடநூல் விற்போருக்கும். நம் சென்னை மாநிலத்திலும் 1959-இல் 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறையில் மறுபயிற்சி தரும் பெருந்திட்டம் ஒன்று புறப்பட்டதே! ஒருவர் பலருக்கு, பலர் இன்னும் பலருக்கு. உருட்டிவிட்ட பனிப்பந்து என்றே அதற்குப் பெயர். பனியைக் காணாத நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஏட்டை விட்டுக் கரும்பலகைக்கு வருவோம். 'ஆல்தோ' என்றொரு ஆங்கிலச் சொல். நாற்காலியைத் தொட்டுக் காட்டலாம். நாயைப் படமாக வரையலாம். 'ஆல்தோ'வை எந்த விரலால் சுட்டுவது? ஆசிரியர் கையை ஆட்டுகிறார், குடை பிடிப்பதுபோல் நடிக்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "மழை பெய்தபோதிலும் அவன் வந்தான்" என்று ஒரே ஒரு வரி சொல்லிப் பாருங்கள். நாற்பது முகமும் மலரும். அங்கே பாடம் முடிவதில்லை, தொடங்குகிறது. தமிழில் 'போதிலும்' வினைக்குப் பின்னே ஒட்டி வருகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொருள் தொடரின் தலையிலே ஏறிக்கொள்கிறது. 'ஆல்தோ'வும் போட்டு, நடுவே 'பட்'டும் போட்டு எழுதுவது நம் பிள்ளைகளிடம் ஓயாது காணும் பிழை. இரண்டில் ஒன்றே போதும், ஏன் போதும் என்பதை அவர்கள் அறிந்த மொழியில் சொல்லாமல் வேறு எந்த மொழியில் சொல்வது?

வாசலில் விரட்டிய தமிழ் கொல்லைப்புறமாக வரத்தான் செய்கிறது, தமிழில் பொருள் எழுதிய உரைநூலாகவும் மாலை நேரத் தனிப்பயிற்சியாகவும். வாங்க வசதியுள்ளவன் வாங்குகிறான். கூலிக்காரர் மகனுக்கு அந்த வகுப்பு ஒன்றுதானே உண்டு? அவன் கையிலிருந்த ஒரே ஏணியையும் பறித்துவிட்டு, ஏறவில்லையே என்று ஏசுவது எந்த நீதி?

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இஸ்ரேல் நாட்டில் எபிரேய மொழி பேசும் உயர்நிலைப்பள்ளி மாணவரை மூன்று பிரிவாக்கி லாஃபர், கிர்சாய் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவு பொருளறிந்து படித்துப் பேசிற்று. மற்றொன்று அதே ஆங்கிலச் சொற்களில் தனிப்பயிற்சி பெற்றது. மூன்றாவது தாய்மொழியோடு ஒப்பிட்டு மொழிபெயர்த்தது. சொற்களைக் கற்றதில் மூன்றாம் பிரிவே தெளிவாக முந்திற்று. ஓர் ஆய்வே முடிந்த முடிபாகாது, அறிவோம். தண்டம் வசூலிப்பவர்கள் அந்த ஒன்றையாவது எதிர்ப்பக்கத்தில் காட்டட்டும்!

கனடாவைக் காட்டுவார்கள். 1965-இல் செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில் ஆங்கிலக் குழந்தைகளைப் பிரெஞ்சிலேயே மூழ்கவைத்தார்களே, கற்கவில்லையா? கற்றார்கள். தொடக்கத்தில் அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் பேசினால் ஆசிரியர் புரிந்துகொண்டார்; தண்டம் போடவில்லை. வீட்டிலும் வீதியிலும் அவர்கள் மொழி அரசோச்சிய மொழி. அதை இங்கே ஒப்பிடலாமா?

நம் பள்ளிகளுக்கு மெய்யான முன்னோடி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்சு நாட்டுப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்திலே மரக்கட்டையைத் தொங்கவிட்டார்கள். கென்யாவில் அடியும் தண்டமும் கழுத்தில் தகடும் இருந்ததை கூகி வா தியாங்கோ எழுதியிருக்கிறார்.

பாடவேளை முழுவதும் தமிழிலேயே ஓட்டிவிட்டு, ஓர் ஆங்கிலத் தொடரும் பேசவிடாமல் மணியடிக்கக் காத்திருப்போரும் உண்டு. அவர்களுக்காக நாம் வழக்காடவில்லை. ஆங்கிலம் வகுப்பிலே நிறைய ஒலிக்க வேண்டும். தமிழ் அங்கே விளக்காக நிற்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. கரும்பலகையில் ஏறிய பெயர் எதில் சேரும்? தோழர்களே, தம்பி தங்கையர் படிக்கும் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லுங்கள். தமிழ் பேசினால் தண்டம் என்று சொன்ன ஆய்வு எது, செய்தவர் யார், ஆண்டு எது என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். ஐந்து ரூபாயைக் கையோடு கொண்டுபோங்கள், துணிவிருந்தால் வாங்கட்டும்!