அடாப்டர் முத்திரையும் அலை அனுமதியும்

வைஃபை பெட்டி விற்கிற கடைகளில் ஒரே பாட்டுதான். "கவர்மெண்ட் அப்ரூவ்டு அண்ணாச்சி, மார்க் போட்டிருக்கு பாருங்க." மார்க் இருக்கத்தான் செய்கிறது. எங்கே? பெட்டியோடு வருகிற கருப்பு அடாப்டரில். அது பி.ஐ.எஸ். எனப்படும் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை. பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒரு எண். அடாப்டர் ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று சோதித்ததற்கு அது சாட்சி. பெட்டி காற்றில் விடுகிற ரேடியோ அலையைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது.

அலைக்கான அனுமதி வேறு. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. என்ற பிரிவு கொடுக்கிற இ.டி.ஏ. சான்றிதழ் அது. நம் வீட்டு வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 ஜனவரியில் உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. ஆனாலும் வரம்பு உண்டு: கருவி 1 வாட்டுக்கு மேல் அனுப்பக்கூடாது, ஆன்டெனாவோடு சேர்த்தும் 4 வாட்டைத் தாண்டக்கூடாது. ஆன்டெனா மொட்டைமாடிக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். உரிமம் வேண்டாம் என்றால் வரைமுறையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இது போதாதென்று டி.இ.சி. என்ற இன்னொரு அமைப்பின் கட்டாயச் சோதனையும் இருக்கிறது.

இத்தனை வாசல் தாண்டி வந்த பெட்டியில், அலைக்கு அனுமதி பெற்ற எண் எங்கே? லென்ஸை வைத்துக்கொண்டு என் வீட்டுப் பெட்டியின் நாலு பக்கமும் தேடினேன். இல்லை. அந்த எண்ணைக் கருவியில் அச்சிட வேண்டும் என்ற கட்டாயமே இங்கே கிடையாது. இறக்குமதி செய்கிறவரும் அதிகாரியும் பார்த்துக்கொண்டால் போதும், பணம் கொடுத்து வாங்குகிறவன் பார்க்க வேண்டியதில்லை. என் ஆத்திரமெல்லாம் இதில்தான்.

அமெரிக்காவில் எஃப்.சி.சி. எண் கருவியிலேயே இருக்கும். அதை இணையத்தில் தட்டினால் சோதனை அறிக்கையும், பெரும்பாலும் பெட்டியைத் திறந்து எடுத்த படங்களும் வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஜப்பானிலும் தனி முத்திரையும் தேடிப் பார்க்கிற எண்ணும் உண்டு. ஐரோப்பாவில் தயாரிப்பாளரே உறுதிமொழி கொடுத்துவிடலாம், ஆனால் அந்த உறுதிமொழி பெட்டியோடு வர வேண்டும். ஊருக்கு ஊர் வழி வேறு. எங்கும் வாங்குகிறவன் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது.

நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு வந்ததை இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். பாட்டுக் கேட்கக் காசு கேட்ட அந்தக் கொடுமை எண்பதுகளில் ஒழிந்தது, ஒழிந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் புத்தகம் நம் மேஜை டிராயரில் இருந்தது.

இதெல்லாம் காகித விவகாரம்தானே என்று நினைத்தால் பூஸ்டரைப் பாருங்கள். தடித்த சுவர் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வரவில்லை என்று யாரோ ஒருவர் ஒரு பூஸ்டரை வாங்கி மாடியில் மாட்டுகிறார். அவர் வீட்டில் நாலு கோடு நிற்கும். தரங்கெட்ட பூஸ்டராக இருந்தால் அதன் இரைச்சல் டவரின் காதை அடைத்துவிடும், சுற்றுவட்டாரத்துப் பேச்சு அங்கே போய்ச் சேராது. வாய்க்காலில் தலைமடைக்காரன் திருட்டு மோட்டார் போட்டால் கடைமடை வயல் காய்வது போலத்தான். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வருகிற நெல்லைக் கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர் நம்முடையது, இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர் நம் தெருக்களில்! ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 108க்குப் போட்டால் போக வேண்டாமா?

சேவை நிறுவனங்களைத் தவிர மற்றவர்கள் இந்த பூஸ்டரை வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறையே 2022 ஜனவரியில் அறிவித்தது. அறிவித்ததோடு சரி. பூஸ்டரும் அதே கருப்பு அடாப்டரோடுதான் வருகிறது, அதைக் காட்டி அதே "அப்ரூவ்டு" பாட்டைப் பாடினால் கேட்கிறவனுக்கு என்ன தெரியும்?

கெடுபிடி கூடினால் விலை ஏறும், புதுசு வரத் தாமதமாகும் என்பார்கள். தாமதம் ஏற்கெனவே இருக்கிறது. 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் அதில் 500க்கு வரைவு விதி வரவே 2025 மே ஆனது. அந்த ஐந்து வருஷத் தாமதத்துக்கும் பெட்டியில் ஒரு எண் அச்சிடுவதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்டிக்கருக்கு எத்தனை பைசா ஆகும்?

அதே 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகள் வாக்கி டாக்கி போன்ற ரேடியோ கருவிகளை விற்கும்போது அலைவரிசையையும் அனுமதி விவரத்தையும் காட்ட வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. நல்ல காரியம். அதை ஏன் இணையத்தோடு நிறுத்த வேண்டும்? ஜங்ஷனிலும் பாளை மார்க்கெட்டிலும் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் அது பொருந்தட்டும். இ.டி.ஏ. எண்ணைக் கருவியின் மேலேயே, என் வயசுக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சிடட்டும். பக்கத்தில் "அலைக்கான அனுமதி" என்று தமிழிலும் போடட்டும்.