பேய் காட்டக் கட்டணமா?

எடின்பரோவில் இரவு நேரத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு பேய்த் தெருக்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மதுரையிலும் தொடங்கலாம், சரக்குக்குப் பஞ்சமில்லை. மதுரையின் ஆளுநராக இருந்து 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் ஒருவரே போதும். மூன்றாம் முறைதான் உயிர் போனதாம். எழுந்து வந்துவிடுவாரோ என்ற பயத்தில் உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களில் புதைத்தார்களாம். சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அநியாயமாகச் செத்தவரைக் கண்டு ஓடுவதில்லை, பொங்கலிட்டுக் கும்பிடுகிறோம். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே சாமியாக நிற்கிறான். அவனைப் பேயென்று காட்டினால் ஊர் சும்மா விடுமா? வழிகாட்டிகளே, கான்சாமேட்டுத் தெருவுக்குப் பகலிலேயே கூட்டிப்போய், அது யார் பெயரென்று சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் தரலாம்.