சோழவரம் ஓடுதளத்துக்கு ஒரு பலகை வேண்டும்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,



2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாளும் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தில் உங்கள் ஆணையத்தின் உழைப்பு பெரிது. மூன்றரை கிலோமீட்டர் தெருத் தடம், இரவைப் பகலாக்கிய விளக்குகள், முதல் நாள் மழையால் பாதுகாப்புச் சான்று கிடைக்கத் தாமதம், மறுநாள் ஒருவழியாகப் பந்தயம் என்று எல்லாம் அமர்க்களமாகவே நடந்து முடிந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனதும், விவகாரம் உயர் நீதிமன்றப் படியேறியதும் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் பக்கத்துச் சாலைகளை அடைத்து வண்டி ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லாத காரியம். ஆனால் அந்தச் சண்டையைப் போட இந்த மடலை எழுதவில்லை.

அந்த இரண்டு நாளும் வந்த பேச்சுகளையும் விளம்பரங்களையும் பார்த்தபோது, சென்னைக்கும் கார் பந்தயத்துக்கும் அன்றுதான் அறிமுகம் ஆனது போல எனக்குப் பட்டது. இரவில் தெருவில் ஓடியது புதிது, ஒப்புக்கொள்கிறேன். பந்தயம் புதிதில்லை. உங்கள் ஆணையம் 1992-இல் அமைவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் கார்கள் பந்தயம் ஓடின. ஓடிய இடம் சோழவரம்.

இன்றைய சென்னைவாசிக்குச் சோழவரம் என்றால் ஏரிதான். கோடையில் நீர்மட்டம் எத்தனை அடி என்று செய்தியில் கேட்கும் பெயர். செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகும்போது அந்த வட்டாரத்தில் ஓர் ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் மிஞ்சியது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த வெற்றுத் தளத்தைப் பந்தயக் களமாக்கியது. கிளப்பை நிறுவியவர்களுள் ஒருவர் இந்து சந்தோக். பிற்காலத்தில் தேசிய அளவில் மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். அவருடைய மகன் விக்கி சோழவரத்தில் ஓட்டியவர். பேரன் கருண் 2010-இல் ஃபார்முலா 1 வரை போனவர்.

விமானம் இறங்கப் போட்ட தளத்துக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, வளைவு மட்டும் கிடையாது. சோழவரத்தில் இருந்தது ‘டி’ எழுத்து வடிவத்தில் சந்திக்கும் ஓடுதளங்கள். வைக்கோல் கட்டுகளையும் பீப்பாய்களையும் அடுக்கி இதுதான் திருப்பம் என்று காட்டினார்கள். நேர்பாதையில் வண்டி தன் முழு வேகத்தையும் எட்டிவிடும், அடுத்த கணம் அந்தப் பீப்பாய்களுக்கு முன்னால் அத்தனை வேகத்தையும் பிரேக்கில் கொட்டித் தீர்க்க வேண்டும். எங்கே பிரேக்கைத் தொடுவது என்பதில்தான் பாதிப் பந்தயம். மேடு பள்ளமில்லாத பூமி என்பதால் பார்க்க வந்தவர்களுக்குத் தொலைவில் வரும் வண்டி முதலில் புழுதியாகவும் சத்தமாகவும்தான் வந்து சேரும்.

யார் யாரோ ஓட்டினார்கள். கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் வந்தார். பெங்களூரிலிருந்து விஜய் மல்லையா வந்தார். பிற்காலத்தில் அவர் வேறு காரணங்களுக்காகப் பேசப்பட்டது தனிக் கதை. 80களில் அவர் சோழவரத்தில் ஓட்டியது என்சைன் என்னும் நிஜமான ஃபார்முலா 1 கார். தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 பார்க்க வழியில்லாத காலத்தில், செங்குன்றத்துக்கு அப்பால் பேருந்தில் போய் இறங்கியவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள், காதால் கேட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து கரிவரதன் வந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

இது பணக்காரர் விளையாட்டு, இதன் வரலாறு அரசுக்கு எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். ஓட்டியவர்களில் பலர் வசதியானவர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டிகளை ஓடவைத்தவர்கள் யார்? அந்தக் காலத்தில் வெளிநாட்டு உதிரிப் பாகம் இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பு. கையில் இருந்தது ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர். குடும்பத்தோடு திருப்பதி போக வாங்கிய வண்டியைப் பந்தய வண்டியாக்கியது பட்டறை மேஸ்திரிகளின் கை. எஞ்சின் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். தேவையில்லாத தகடு, இருக்கை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைப்பார்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து எடுப்பார்கள்.

பைக் பந்தயத்தில் இந்தக் கைத்திறன் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1983 வாக்கில் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350-ஐயும், அதன்பின் வந்த 100 சிசி டூ-ஸ்ட்ரோக் ஜப்பானியக் கூட்டு வண்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பது போல ஏறி இறங்கும் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்தான் எல்லாம். அந்தத் துளையின் விளிம்பை அரத்தால் ராவி ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் வண்டியின் குணமே மாறிவிடும். கூடுதலாக ராவிவிட்டால் சிலிண்டர் குப்பைக்கு. தளத்தில் ஒரு சுற்று முழு வேகத்தில் ஓட்டி, எஞ்சினைச் சட்டென்று அணைத்து, தள்ளிக்கொண்டு வந்து, சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார் மெக்கானிக். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் ஓட்டையாகும். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி இழுக்காது. காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. காலைக் குளிரில் சரியாக இருந்த கார்புரேட்டர் ஜெட் மதிய வெயிலில் சரிவராது, காற்று லேசாகிவிடும். அதற்குத் தக்கபடி சின்ன ஜெட் மாற்ற வேண்டும். இதையெல்லாம் எந்தப் பாலிடெக்னிக்கிலும் படிக்காமல் செய்தவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயதிருக்கும்.

சோழவரம் இருந்த இடமும் தற்செயலாகப் பொருந்தியது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் வந்தது, பிறகு அதுவே அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. அங்கேயே எம்.ஆர்.எஃப். டயர் வளர்ந்தது. வடசென்னை முழுக்க வண்டியும் இரும்பும் ரப்பரும் தெரிந்த தொழிலாளர் குடும்பங்கள். அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அந்த ஓடுதளம். சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று முதலீட்டாளர் மாநாடுகளில் சொல்கிறோம். அந்தப் பேச்சு ஹூண்டாயிலிருந்துதான் தொடங்குகிறது. எண்ணூரும் திருவொற்றியூரும் அதில் வருவதேயில்லை. சோழவரத்தை எதிர்பார்ப்பது பேராசை.

கரிவரதனுக்கு வருகிறேன். கோவை மில் குடும்பத்துப் பிள்ளை, தானே நல்ல ஓட்டுநர். அவர் செய்த பெரிய காரியம் ஓட்டியதில் இல்லை. 80களின் இறுதியில் மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரைக் கோவையிலேயே உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் பணத்தின் பலம் குறைந்து ஓட்டுநரின் கை தெரியும். ஊருக்கு ஊர் சர்வீஸ் ஆகும் எஞ்சின் என்பதால் பழுது பார்ப்பதும் எளிது. 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் அந்தக் காரில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நடிகர் அஜித் குமாரும் அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகியவர்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது மாநிலமே கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தில் கரிவரதன் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறந்த தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுவும் தனியார் செய்த மரியாதை.

சோழவரம் பாதுகாப்புத் துறை நிலம். வேறொருவர் இடத்தில் அனுமதி வாங்கி எத்தனை காலம் பந்தயம் நடத்துவது? கிளப் தானே நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடம் போட்டது. 1990 வாக்கில் அங்கே வண்டிகள் ஓடத் தொடங்கின. இந்தியாவின் முதல் நிரந்தரப் பந்தயத் தடம் அது. பக்கத்தில் ஹூண்டாய் தொழிற்சாலையின் முதல் சான்ட்ரோ வெளியே வர இன்னும் எட்டு ஆண்டு இருந்தது. கிரேட்டர் நொய்டாவில் பெரும் பொருட்செலவில் கட்டிய புத் தடம் 2011 முதல் 2013 வரை மூன்றே ஃபார்முலா 1 பந்தயங்களைப் பார்த்தது, பின்பு வரித் தகராறில் அந்தப் பந்தயம் நின்றது. ஒரு கிளப் சொந்த முயற்சியில் கட்டிய இருங்காட்டுக்கோட்டையில் இன்றும் ஆண்டுதோறும் வண்டிகள் ஓடுகின்றன. என் கணக்கில் நம் ஊர்த் தடம்தான் பெரிய சாதனை.

அந்தச் சாதனையோடு சேர்த்துப் பதிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2023 ஜனவரியில் 59 வயது மூத்த ஓட்டுநர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனும் அந்தத் தடத்தில் உயிரிழந்தார்கள். பதிமூன்று வயதுப் பிள்ளை எந்த வண்டியில், என்ன பயிற்சியோடு தடத்தில் இறங்கலாம் என்ற கேள்வி உங்கள் ஆணையத்துக்கும் உரியது. கோப்பைகளை மட்டும் அடுக்கிவைத்து இறந்தவர்களை விட்டுவிடும் வரலாறு எனக்கு வேண்டாம்.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் இப்படிப்பட்ட போர்க்கால விமானத் தளம்தான். 1948-இல் பந்தயம் வந்தது, 1950-இல் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கே நடந்தது. இன்று அங்கே மிஞ்சியிருந்த ஒரு போர்க்கால விமானக் கொட்டகையை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். குட்வுட் என்னும் இன்னொரு விமானத் தளத்தில் 1966-இல் பந்தயம் நின்றுபோனது. 1998-இல் பழைய கார்களை வைத்து மீண்டும் தொடங்கினார்கள். இப்போது அது ஆண்டுதோறும் கூட்டம் கூடும் விழா. சோழவரம் இவற்றுக்குச் சில ஆண்டுகளே இளையது. அருங்காட்சியகம் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நம் ஊரில் அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டுவது சுலபம், மற்றது உங்களுக்கே தெரியும்.

கேட்பது சிறிய காரியங்கள். முதலில் ஆட்கள். இரண்டு பேரை, ஒரு கேமராவோடு, பழைய மெக்கானிக்குகளையும் ஓட்டுநர்களையும் கொடி அசைத்தவர்களையும் தேடி அனுப்புங்கள். சென்னை, கோவை, பெங்களூர் மூன்று ஊருக்குப் போனால் பெரும்பகுதி முடிந்துவிடும். ஓட்டியவர்கள் ஏற்கெனவே பல பேட்டிகள் கொடுத்திருப்பார்கள், ஆகவே பட்டறைக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். அடுத்தது படங்கள். பல வீடுகளில் பரண் மேல் ஆல்பங்களாகக் கிடக்கின்றன. கறையானுக்கு முன்னால் நாம் போக வேண்டும். அசலைக் கேட்காதீர்கள், வாங்கி நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். அரசு அலுவலகத்துக்குப் போன பொருள் திரும்பாது என்ற பயம் மக்களுக்கு இருக்கிறது, அது நியாயமான பயமும்கூட. நேரு விளையாட்டரங்கில் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு சுவர் கிடைக்காமலா போகும்? அந்தப் படங்களை அங்கே மாட்டுங்கள்.

பிறகு ஒரு பலகை. சோழவரத்தில் இந்தக் கதையைச் சொல்லும் பலகை எதையும் நான் பார்த்ததில்லை. ஓடுதளத்துக்குள் போக பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும், அது நடக்கும்போது நடக்கட்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் பலகை வைக்க அத்தனை கடிதப் போக்குவரத்து தேவையில்லை. 1950களிலிருந்து 80களின் இறுதி வரை இந்த ஊரில் இந்தியாவின் புகழ்பெற்ற மோட்டார் பந்தயம் நடந்தது என்று தமிழில் நான்கு வரி போதும். சோழவரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போகட்டும்.

தீவுத்திடலில் ஓர் இரவு எரிந்த விளக்குகளுக்கான மின்சாரச் செலவை எடுத்துப் பாருங்கள். இதற்கு அவ்வளவுகூட ஆகாது என்பது என் துணிபு. அடுத்த நிதியாண்டு, அடுத்த மானியக் கோரிக்கை என்று தள்ளிப்போட வேண்டாம். காத்திருக்கும் வயதில் அந்த மெக்கானிக்குகள் இல்லை. இந்த மாதமே ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வடசென்னை வாசகன் ஒருவன்